குழாயில் மூன்று துளைகள்

இ-சிகரெட்டைப் பற்றி இந்த வயதில் எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். பீடி, சிகரெட் எதையும் தொட்டவன் இல்லை நான். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் டூல் ரூமில் லேத்தோடு வாழ்ந்தவன். என் அக்கறை புகையில் இல்லை. அந்தக் கருவியின் உடம்பைச் சிலர் வீட்டு லேத்தில் தாங்களே கடைந்துகொள்கிறார்கள், அந்த வேலையில்தான். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் உள்ளே போகும் பேட்டரியைப் புரிந்துகொள்ளாதவன் அந்தக் குழாயைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

மகள் வீடு இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில். அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தன் தோட்டத்து ஷெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே மைஃபோர்ட் எம்எல்7. ஊரை ஒட்டியுள்ள பீஸ்டனில் தயாரான லேத். பல வருஷம் சிகரெட் பிடித்தவர், வேப்புக்கு மாறி அதை விட்டிருக்கிறார். கடைச் சரக்கு பிடிக்காமல் தானே செய்கிறார். சர்க்யூட் எதுவும் கிடையாது. ஒரு பித்தளைக் குழாய், உள்ளே 18650 பேட்டரி ஒன்று, அடியில் அழுத்தும் சுவிட்ச், மேலே ஆவியாக்கும் பகுதியைத் திருகுவதற்கு மரை. மெக்கானிக்கல் மாட் என்று பெயர்.

பார்க்கச் சுலபம், செய்தால்தான் தெரியும். அந்த மரையை 510 என்கிறார்கள். விட்டம் 7 மி.மீ., பிட்ச் 0.5. அவர் லேத்தின் லீட் ஸ்க்ரூவோ அங்குலத்துக்கு 8 மரை. அங்குல லேத்தில் மெட்ரிக் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். முடிகிற வரை ஹாஃப் நட்டைத் திறக்கவும் கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னோக்கிச் சுற்றித்தான் பழைய இடத்துக்கு வர வேண்டும். மனுஷன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்பிண்டிலைக் கையாலேயே சுற்றி வெட்டினார். செம்பிலும் ஒன்று வைத்திருந்தார். செம்பு படுத்தும் பாடு கடைந்தவர்களுக்குத் தெரியும். ஜவ்வு மாதிரி டூலில் ஒட்டும், மேற்பரப்பைக் கிழிக்கும். அதில் கண்ணாடி போல ஃபினிஷ் எடுத்திருந்தார்.

கடைய வசதியான பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் இருக்கும். சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிர்வது அதனால்தான். உதட்டில் வைக்கும் முனையை மட்டுமாவது ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே அப்படித்தான் செய்திருந்தார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, குழாயின் அடிப்பக்கம் அவர் போட்டிருந்த மூன்று துளைகள். சுவிட்சை அழுத்தினால் கரண்டைக் கட்டுப்படுத்த அதில் எதுவும் இல்லை, ஓம் விதி ஒன்றைத் தவிர. முழுச் சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், 0.1 என்றால் 42. நம் வீட்டு கீசர் பிளக்கே 16 ஆம்பியருக்குத்தான். கட்டைவிரல் தடிமன் பேட்டரியிடம் இவ்வளவு கேட்கிறோம். சூடு மீறினால் அதற்குள்ளிருந்து வாயு பீறிடும். வெளியேற வழி இருந்தால் கை சுடும், குழாய் பாழாகும், பெரும்பாலும் அதோடு போகும். வழி இல்லாமல் இரண்டு பக்கமும் மரை போட்டு இறுக்கிய குழாய் வெடிகுண்டுதான். 2018-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த மெக்கானிக்கல் வகை ஒன்று வெடித்து ஒருவர் இறந்தார். அதன் துண்டுகள் மண்டைக்குள் போயிருந்தன.

இப்படிச் செய்கிறவர்கள் பெருமையாகக் காட்டுவது நர்லிங்கையும் பாலிஷையும். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2019-ஆம் வருஷச் சட்டப்படி முழுக் கருவி மட்டுமல்ல, அதன் பாகத்தைத் தயாரிப்பதும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெட்டிக்கடைதோறும் சிகரெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு இதற்கு மட்டும் தடை என்பது எனக்கு விளங்கவில்லை. அது இருக்கட்டும்.

போன மாசம் என்னிடம் அப்ரண்டிஸாக இருந்த பையன் போன் செய்தான். கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறான்.

"சார், பித்தளைக் குழாய் ஐம்பது பீஸ் கேட்டு ஒருத்தர் ட்ராயிங் அனுப்பியிருக்காருங்க. டார்ச் லைட்டுக்குங்களாமா. ஒரு பக்கம் 7 மில்லிமீட்டர், அரை பிட்ச் மரைங்க."

"உள்விட்டம்?"

"பதினெட்டரைங்க."

"பக்கத்துல எங்கயாவது துளை காட்டியிருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

அது என்னவென்று சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். "ரேட்டு நல்லா இருக்குதுங்க" என்று இழுத்தான். "சட்டத்தை விடுப்பா. நீ கடைஞ்ச குழாயை எவனோ ஒருத்தன் வாய்க்கு நேரா பிடிக்கப்போறான்" என்றேன். அவனிடமிருந்து கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

சாயந்திரம் வாட்ஸ்அப்பில் வந்தது, ட்ராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். அந்த ஆள் அடுத்த தெருப் பட்டறைக்குப் போயிருப்பார். அங்கே யாராவது துளையைப் பற்றிக் கேட்டார்களா, தெரியவில்லை.