படமாகிப் போன பக்கங்கள்

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். பார்வையற்றவர், கணினி உரக்கப் படிக்க, கேட்டு வாசிப்பவர். அறுபதுகளில் வந்த சிறுபத்திரிகை ஒன்றின் ஸ்கேன் பிரதியைப் பெருமையோடு திறந்து கொடுத்தேன். திரைவாசிப்பான் ‘காலி’ என்றது. அடுத்த பக்கமும் காலி. 32 பக்கமும் காலி.

ஆவணங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் மார்தட்டிக்கொள்வது இதை வைத்துத்தான். காப்பாற்றியது பக்கத்தின் போட்டோவை. அதில் எழுத்து என்று ஒன்று இருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. எழுத்துணரி மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். 1978 அரசாணைக்கு முந்தைய அச்சைக் கொடுத்துப் பாருங்கள். துதிக்கை போட்ட ‘லை’யிலும் சுழித்த ‘றா’விலும் தடுமாறும், இரண்டு பத்தியாக அச்சிட்டிருந்தால் குறுக்கே படித்து, விமர்சனத்தையும் கவிதையையும் ஒரே வாக்கியமாக்கிவிடும். பிற்பாடு கணினியில் கோத்தவற்றிலும் பல ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கின்றன. காதுக்கு வெறும் குப்பை. ஆகவே மனிதன் உட்கார்ந்து திருத்தவேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதித் தரவில்லையா? முந்நூறு பிரதி போட்ட பத்திரிகைக்கு அதன் எழுத்தாளர்களைத் தவிர வேறு யார் வருவார்கள்?

சட்டத்தைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் பிரதி செய்ய, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமே இடம் தருகிறது. இதே நோக்கத்துக்கான 2013 மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.

கவிஞர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்: புதுக்கவிதை கண்ணுக்கானது, வரிமுறிவு காதில் விழாது. சந்தத்தை உதறிய கர்வம் இன்னும் போகவில்லை! வரிவரியாக நிறுத்திக் கேட்க வாசிப்பானில் வசதி உண்டு, பிரெய்லில் விரல் வரிமுடிவைத் தொடும். அது போதுமா என்பதை வாசகன் சொல்லட்டும். அவன் சார்பில் இவர் ஏன் சொல்கிறார்? உண்மையில் நம்மில் பலருக்குப் பழைய இதழ் கிடைக்காமலிருப்பதில் ஒரு அந்தரங்கச் சந்தோஷம். என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த இதழையே இப்போது இரண்டு விரலால் தட்டெழுதிக்கொண்டிருக்கிறேன். 11 பக்கம் முடிந்தது. மூலத்தில் ஏகப்பட்ட அச்சுப்பிழை. திருத்திவிடட்டுமா என்று நண்பரைக் கேட்டேன். ‘வேண்டாம், பிழையோடு கொடுங்கள்’ என்றார்.