தாய் வயிற்றை எட்டும் புகை

சில மாதங்களுக்கு முன் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஒரே அறை, ஒரே ஜன்னல். நிர்வாகக் குழுவினர் மூவர் பீடியைப் பற்றவைத்தபடியே பேரேட்டைப் புரட்டினர். மூலையில் ஏழு மாதக் கர்ப்பிணியான குமாஸ்தா ரசீது எழுதிக்கொண்டிருந்தார். "இப்புகை தங்களுக்குத் தொல்லையாக இல்லையா?" என்று வினவினோம். "நான் புகைப்பதில்லையே, ஐயா! எனக்கென்ன வரும்?" என்றார் அவ்வம்மையார்.

அறியாமையால் எழுந்த அவ்விடைக்கு அவர் மட்டும் பொறுப்பாளி அல்லர். பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவரும் புகைப்பவரோடு நஞ்சைப் பங்கிட்டுக்கொள்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. நிகோடின் நச்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. பிள்ளை எடை குறைந்து பிறத்தல், குறைமாதப் பிரசவம், கருவிலேயே இறத்தல் ஆகிய அபாயங்கள் இதனால் மிகுகின்றன. சிகரெட்டைவிடப் பீடி தீங்கற்றது என்று எண்ணுவதும் பிழையே.

ஜப்பானில் ஹிராயாமா என்னும் அறிஞர், புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு மிகுதியாகப் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருந்தது. நம் நாட்டில் 2016-17-இல் எடுத்த கணக்குப்படி, வயது வந்தோரில் 38.7 சதவீதத்தினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கின்றனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் தாய்மாரும் தப்பவில்லை. பம்பாயில் 1,217 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புகையற்ற வகைப் புகையிலையைப் பயன்படுத்தியவர்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தமை தெரியவந்தது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆலைப் புகைக்கும் லாரிப் புகைக்கும் பஞ்சமில்லை. அவற்றை நாம் ஒருவராய் நின்று தடுத்தல் அரிது. ஆனால் வீட்டுக்குள் எழும் புகை நம் கையில் இருக்கிறது. கப்பல் சுமையிறக்கி அலுத்து வரும் தொழிலாளிக்கு ஒரு பீடியே இளைப்பாறுதல் என்பர். அவ்வலுப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓரறை வீட்டில் அவர் இளைப்பாறும் அந்நேரத்தில், மனைவிக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஒதுங்க இடமேது? "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று கணவரிடம் சொல்லும் துணிவு எல்லா மகளிர்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே கர்ப்பிணிக்கு அறிவுறுத்துவது மட்டும் போதாது. அறிவுரை கணவரின் செவிக்கு எட்ட வேண்டும். ஆண்கள் கூடும் இடம் எது? நம் சங்கமே.

2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகளும் பணியிடத்தில் புகைத்தலைத் தடை செய்கின்றன. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. வாயிலில் "புகை பிடிக்கக் கூடாத இடம்" என்னும் பலகை வைப்பது பொறுப்பாளரின் கடமை. நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும் இதற்கு விலக்கில்லை. சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் செல்லவேண்டியது நம் மனச்சாட்சியே.

அங்கத்தினர்களே! வரும் பொதுக்கூட்டத்தில் மூன்று காரியங்கள் செய்வோம். பலகை மாட்டுவோம். கிராம சுகாதார செவிலியரை அழைத்து ஆண்களுக்கே கால்மணி நேரம் பேசச் சொல்வோம். புகையை விட விரும்புவோர்க்கு 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைப்போம். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

இலாபத்தைப் பங்கிடுவதற்கே சங்கம் கண்டோம். நஞ்சைப் பங்கிடுவதற்கு, அதுவும் பங்குத்தொகை கட்டாத சிசுவுக்குப் பங்கிடுவதற்கு, எந்தத் துணைவிதியும் இடம் தரவில்லை.