சுருட்டுப் பெட்டிக்கும் குரல் உண்டு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பார்கள். அமெரிக்க நாட்டின் ஏழைகளுக்குச் சுருட்டுப் பெட்டியே இசைக்கருவி ஆயிற்று. யாரோ புகைத்து எறிந்த பெட்டி, ஒரு மரக்கட்டை, மூன்று நான்கு கம்பிகள், கிட்டார் தயார்! உள்நாட்டுப் போர்க்கால (1861–65) வாழ்க்கையைக் காட்டி எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-இல் வெளியிட்ட படம் ஒன்றில், பாசறை வீரன் சுருட்டுப் பெட்டிப் பிடில் வாசிக்கிறான். டென்னசி மாநிலத்துக் குத்தகை உழவர் ஒருவர், தம் மகனுக்குச் சுருட்டுப் பெட்டியும் துடைப்பக் கட்டையும் கொண்டு முதல் கிட்டாரைச் செய்து கொடுத்தார். அந்த மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற கார்ல் பெர்க்கின்ஸ்.

பெட்டி சிறியது, அதன் ஓசை கூடத்தின் கடைசி வரிசையை எட்டாது. ஆகவே இன்று இதைச் செய்வோர் உள்ளே ‘பீசோ’ வில்லை ஒன்றை ஒட்டி ஒலிபெருக்கியோடு இணைக்கிறார்கள். “இயற்கையான இனிமை கெட்டுவிட்டது” என்று சிலர் வருந்துகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏழையின் கருவி என்றும் மெல்லவே ஒலிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அந்த வில்லை அப்படியொன்றும் அரிய பொருளன்று. பித்தளைத் தகட்டின்மேல் பீங்கான் போன்றதொரு படலம். கடையில் ‘பசர்’ என்று சில ரூபாய்க்குக் கிடைப்பது. பசரில் மின்சாரம் ஓசையாகிறது. இங்கே மரத்தின் அதிர்வு மின்சாரமாகிறது. ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த விளைவே இது. காந்தப் பிக்கப்புக்கு எஃகுக் கம்பி வேண்டும். இதற்கு நைலான் இழையும் போதும்.

குறைகளும் உண்டு. விரல் பெட்டியில் தட்டினால் அதையும் பெரிதாக்கும். ஒலிபெருக்கிக்கு எதிரே வைத்தால் ‘கீ’ என்று அலறும். பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை ஒரு மெகா ஓம் அளவுக்கு இல்லையென்றால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து, ஓசை தகரம்போல் ஆகிவிடும். ஆனால் இக்குறைகள் ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் பாடமல்லவா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; தந்தையார் தச்சுத் தொழிலாளி. சென்ற விடுமுறையில் ஒரு பழைய மரப்பெட்டியில் கம்பி கட்டி, குதிரைக்கு நேர் கீழே வில்லையை ஒட்டினேன். ஓசை காதைக் குத்தியது. தந்தையார் பெட்டியின் மூடியை நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, “இரண்டு விரல் தள்ளி ஒட்டிப் பாருப்பா” என்றார். ஒட்டினேன், ஓசை கனிந்தது! கியூரியின் பெயரை அவர் கேட்டதில்லை. பீசோ மின்விளைவுக்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதிய எனக்கோ மரத்தின் மொழி தெரியவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் விடையை மீண்டும் எழுதும் செய்முறைகளுக்கிடையே, ஒரு வில்லையையும் ஒரு மரப்பெட்டியையும் எங்கள் கையில் கொடுங்கள். நாங்கள் கெடுப்போம், பின்பு திருத்துவோம், அப்போதுதான் கற்போம்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெறப் போகிறோம் என்பதற்காகப் பெற்றோரின் உளியையும் இழைப்புளியையும் கண்டு நாணாதீர்கள். ஏட்டறிவும் கையறிவும் கூடும்போதுதான் பெட்டி பாடும்!