மருந்து ஏன் கேட்கவில்லை?

“முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சியைப் போன வருடம் ஒரே தெளிப்பில் அடக்கிய மருந்து, இந்த வருடம் மூன்று முறை அடித்தும் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதைதான். மருந்து போலியா, புழுவுக்குப் பழகிவிட்டதா?”

– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

போலி என்ற சந்தேகம் இருந்தால் ரசீதோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். ஆனால், வெவ்வேறு கடையில் வாங்கிய எல்லோருக்குமே கேட்கவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் புட்டியில் இருக்காது.

‘பழகிவிட்டது’ என்பதும் சரியல்ல. எந்தப் புழுவும் மருந்தைத் தின்று தின்று பழகுவதில்லை. ஏராளமான புழுக்களில், அந்த மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறந்தவை ஒன்றிரண்டு, நீங்கள் தெளிக்கும் முன்பே வயலில் இருந்திருக்கும். மற்றவை செத்துப்போக, இவை தப்பித்து இணைசேர்கின்றன. குணம் வாரிசுகளுக்கு இறங்குகிறது. நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைக்கிறோம் அல்லவா? அதே வேலையை மருந்து புழுவில் செய்கிறது! வெப்பமான நாட்களில் இந்தப் பூச்சிக்கு ஒரு தலைமுறை என்பது இரண்டு, மூன்று வாரம்தான். மூன்று மாதப் பயிருக்குள் நான்கைந்து முறை ‘விதை எடுப்பு’ நடந்துவிடும். 1953-லேயே ஜாவாவில் இதே பூச்சி டி.டி.டி.க்கு அடங்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், “அளவைக் கொஞ்சம் கூட்டி அடியுங்கள்” என்று நானே சொல்லியிருக்கிறேன். தவறு. அளவைக் கூட்டினால் புழுவைத் தின்னும் குளவியும் சாகும்; மிஞ்சுவது முரட்டுப் புழுதான்.

கடையில் மாற்றி வாங்கும்போது வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள். கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபெண்டியமைட் இரண்டும் பெயரில்தான் வேறு. புழுவைத் தாக்கும் இடம் ஒன்றே. ஒன்றுக்கு அடங்காத புழு மற்றதற்கும் அடங்குவது சந்தேகம். ஸ்பைனோசாட், எமாமெக்டின் பென்சோயேட் ஆகியவை வேறு வேறு வகை. ஒரு தலைமுறைக்கு ஒரு வகை என்று மாற்றுங்கள்.

தெளிக்காத இடங்களிலிருந்து வரும் சாதாரண அந்துப்பூச்சிகள் கலந்தால் எதிர்ப்புக் குணம் நீர்க்கும். பி.டி. பருத்தி விதையோடு வந்த சிறிய பொட்டலம் இதற்காகத்தான். நம்மில் பலர் அதை விதைக்காமலே விட்டுவிட்டோம்.

அறுவடை முடிந்ததும் கட்டைகளை உழுது மடக்குங்கள். இதுவரை அடித்த மருந்துகளின் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்பினால், அடுத்து எதைத் தெளிக்கலாம் என்று சொல்கிறேன்.