'பாக்ஸ் போச்சு'ன்னா உடனே நம்பிடாதீங்க!

மெக்கானிக்கல் படிக்கிறோம்னு ஒரு தடவை வாயை விட்டுட்டா போச்சு... மாமா வீட்டு மிக்ஸியில இருந்து எதிர்வீட்டு அங்கிள் கார் வரைக்கும் நம்ம தலையிலதான்! அதுலயும் உங்க வீட்டு கார் ஆட்டோமேட்டிக்கா இருந்து, பத்து வயசையும் தாண்டிடுச்சுன்னா கேட்கவே வேணாம். 'டி'யில போட்டா யோசிச்சு யோசிச்சுக் கிளம்பும். சிக்னல்ல 'டொக்'னு ஒரு உதை. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, 'பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்'பார். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் அப்பா காரையே வித்துடலாம்னு கிளம்பிடுவார். கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லுங்க பாஸ்!

முதல்ல, உங்க கார் எந்த ஜாதி ஆட்டோமேட்டிக்னு பாருங்க. லீவர்ல 'பி' இல்லாம ஆர், என், டி மட்டும் இருந்தா அது பெரும்பாலும் ஏ.எம்.டி. 2014-ல செலரியோ வந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர்ல பாப்புலர் ஆன சமாச்சாரம். உள்ளே இருக்கறது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் அமுக்கறதையும் கியர் மாத்தறதையும் மட்டும் ஆக்சுவேட்டர் பார்த்துக்கும். இதுல இன்ஜின் கத்தி வண்டி நகரலைன்னா, முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட் மேலதான். 'பி' இருந்தா டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. இல்லேன்னா டூயல் கிளட்ச். பழைய கார்கள்ல அடிக்கடி பார்க்கற டார்க் கன்வர்ட்டரைப் பத்திதான் இனி கச்சேரி.

இந்த பாக்ஸுக்குள்ள ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் இல்லீங்க. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷரே ஆயிலோடதுதான். லெவல் குறைஞ்சா பிரஷர் குறையும், தட்டு வழுக்கும். அதனால பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைத் தேடுங்க. (பல கார்கள்ல அது கிடையாது. வண்டியைத் தூக்கி பிளக்கைக் கழட்டித்தான் பார்க்கணும். அது ஒர்க்‌ஷாப் வேலை.) இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கணுமா, அணைச்சுட்டுப் பார்க்கணுமாங்கறது காருக்குக் கார் மாறும். மேனுவல் புத்தகத்தைப் பரணையில இருந்து இறக்குங்க.

ஒரு சொட்டை வெள்ளைத் தாள்ல விட்டுப் பாருங்க. புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பிரவுன் ஆகியிருந்தா வயசாயிடுச்சு. கறுத்துப்போய் தீஞ்ச வாசனை அடிச்சா, தட்டு தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் மாதிரி இருந்தா கூலன்ட்டோ தண்ணியோ கலந்துடுச்சு. அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க.

அடுத்தது, 'என்'ல இருந்து 'டி'க்கு மாத்துற டெஸ்ட். பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு மாத்துங்க. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறதுக்குள்ள கியர் விழணும். அதுக்கு மேல ஆச்சுன்னா பிரஷர் பிரச்னை. ஆனா அந்த 'டொக்' உதை இருக்கே... அது மட்டும் வேற கேஸாவும் இருக்கலாம்.

எங்க வீட்டு கார் அப்படித்தான். அம்மாவுக்கு இடது முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. அந்தக் காரை வித்தா அவங்க டிரைவிங்கும் அதோட க்ளோஸ். ஒரு ஒர்க்‌ஷாப்ல 'பாக்ஸை மாத்தணும்'னு சொல்லிட்டாங்க. நானும் அப்பாவும் பானெட்டைத் திறந்து வச்சோம். அப்பா பிரேக்கை அமுக்கிக்கிட்டு 'ஆர்', 'டி'ன்னு மாத்தினார். நான் பக்கவாட்டுல நின்னு பார்த்தேன் (வண்டிக்கு முன்னாடி மட்டும் நிக்கவே கூடாது). ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஒரு துள்ளு துள்ளுச்சு. ரப்பர் மவுன்ட் கிழிஞ்சு கிடந்திருக்கு! மவுன்ட்டை மாத்தினதும் உதை நின்னுடுச்சு. காலையில குளிர்ல மட்டும் லேட்டா கிளம்பற வியாதி இன்னும் இருக்கு. அதைத் தனியா கவனிக்கணும்.

டேஷ்போர்டுல இன்ஜின் லைட் எரிஞ்சா, ஸ்டீயரிங் கீழே இருக்கற 16 பின் சாக்கெட்ல ஸ்கேனரைச் சொருகிப் பாருங்க. 'பி0700' வந்தா, 'பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ பதிவாகியிருக்கு'ன்னு மட்டும்தான் அர்த்தம். நிஜ கோடு உள்ளே இருக்கும். அதை எடுக்காம இறக்கணும்னு சொல்றவரைக் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேளுங்க. 'பி0715'ன்னா இன்புட் ஸ்பீடு சென்சார் சர்க்யூட். வயர் அறுந்திருந்தாலும் இதேதான் வரும். வண்டி ஒரே கியர்ல மாட்டிக்கிட்டா அது லிம்ப் மோடு, பாக்ஸ் தன்னைத்தானே காப்பாத்திக்கிறது. பேட்டரி வீக்கா இருந்தாக்கூட சில கார்ல இந்தக் கூத்து நடக்கும்.

'பழைய வண்டிக்கு ஆயில் மாத்தினா பாக்ஸ் புட்டுக்கும்'னு ஒரு பயம் உலாவுது. பாதி வதந்தி. ஏற்கெனவே வழுக்குற பாக்ஸைப் புது ஆயில் காப்பாத்தாது, அவ்வளவுதான். நல்லா ஓடற வண்டிக்கு வடிச்சுட்டு ஊத்துறதுதான் என் ஓட்டு. மெஷின் வச்சு பிரஷர்ல அலசுறதுக்கு நோ! மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு ஆயில்தான் ஊத்தணும். சி.வி.டி-க்கு ஆயிலே தனி, மாத்தி ஊத்தினா பெல்ட் காலி.

செகண்ட்ஹேண்ட்ல ஆட்டோமேட்டிக் வாங்கப் போறீங்களா? 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில முங்கின வண்டியான்னு விசாரிங்க. வெள்ளத்தண்ணி பாக்ஸோட காத்துக் குழாய் வழியா உள்ளே போயிடும். வெளியே பாலிஷ் பளபளக்கும், உள்ளே தட்டோட பசை விட்டுப் போயிருக்கும்.

நடுரோட்ல படுத்துட்டா, கயித்தைக் கட்டி இழுக்கவே இழுக்காதீங்க. பாக்ஸுக்குள்ள ஆயிலைச் சுத்தவைக்கிற பம்ப் இன்ஜின்லதான் ஓடுது. இன்ஜின் நின்னு சக்கரம் மட்டும் சுத்தினா, உள்ளே எல்லாம் காய்ஞ்சு தேயும். ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிட்டு மேலே ஏத்திடுங்க.