ஓமலூர் அபிவிருத்தி யாருக்காக?

ஓமலூருக்கு என்ன வேண்டும் என்று இப்போது கடைத் தெருவில் நாலு பேரைக் கேட்டால், நாலு பேரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் ஒப்புவிக்கிறார்கள். அகலமான ரஸ்தா வேண்டும். புதிதாய் பஸ் நிலையம் வேண்டும். ஆகாய விமானம் இன்னும் நாலு ஊருக்குப் போகவேண்டும். இரவைப் பகலாக்கும் விளக்குகள் வேண்டும். ஊர் எல்லையில் ஓர் அலங்கார வளைவும் வேண்டும். இவைகள் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. (வளைவு மாத்திரம் வேண்டாம் என்றே சொல்லுவோம். அதற்குக் கீழே நிற்க நிழல்கூட இராது.) ஆனால் இந்தப் பட்டியலை எழுதினவர் யார், யாரைக் கேட்டு எழுதினார், இதில் ஓமலூரிலேயே இருந்து, ஓமலூரிலேயே உழைத்து, ஓமலூரிலேயே சாகிறவனுக்கு என்ன இருக்கிறது என்பவைதான் நமது கேள்விகள்.

ஓமலூரின் யோக்கியதை என்னவென்று பார்ப்போம். சேலத்திலிருந்து பெங்களூர் போகும் 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இதன் வழியாகப் போகிறது. மேட்டூர் ரஸ்தா இங்கே பிரிகிறது. ரயிலிலும் அப்படியே: மேட்டூர் அணைக்குப் போகிற பாதையும் தர்மபுரி வழியாகப் பெங்களூர் போகிற பாதையும் பிரிகிற ஜங்ஷன் ஓமலூர்தான். காமலாபுரத்தில் 1993இல் திறந்த விமான நிலையம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. பெயர் மாத்திரம் சேலம் விமான நிலையம். ஆக, ஓமலூருக்கு வந்த பெரிய காரியங்களில் அநேகமும் ஓமலூர் வழியாகப் போகிறவர்களுக்காக வந்தவையே அன்றி, ஓமலூரில் இருக்கிறவர்களுக்காக வந்தவை அல்ல. இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமுமல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனியார் கைக்குப் போனவுடன், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் சங்கிலியைப் பிடித்து இந்தச் சீமை முழுவதும் நிலத்தை அளந்தார்கள். குடியானவன் பெயர் கணக்கில் ஏறியது உண்மை. ஏறியது வரி கொடுப்பதற்காக. அவனுக்கு என்ன வேண்டும் என்று எழுத அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை.

சுயராஜ்யம் வந்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. இப்போதாவது அந்த இடம் ஏற்பட்டதா? 2018இல் விமான நிலையத்தைப் பெரிதாக்குவதற்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் 500 ஏக்கருக்கு மேல் எடுப்பது என்று யோசனை வந்தது. அந்த ஊர்க் குடியானவர்கள், "எங்களைக் கேளாமல் எங்கள் காட்டில் கல் நடுவதா?" என்று எதிர்த்தார்கள். உடனே அவர்களுக்கு "அபிவிருத்தியின் விரோதிகள்" என்று பட்டம் சூட்டிவிட்டார்கள் சிலர். விமானத்தில் ஒருநாளும் ஏறாதவன் தன் கிணற்றையும் தோட்டத்தையும் கொடுக்கத் தயங்கினால் அவன் விரோதி; விமானத்தில் ஏறுகிறவன் ஒரு செண்டு நிலமும் கொடுக்காமலே தேசாபிமானி. இந்தக் கணக்கு நமக்கு விளங்கவில்லை.

நிற்க, ஓமலூர் ஒரு சந்தையூர். சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பூவும், காயும், கோழியும், புளியும் தலையிலும் மொபெட்டிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகின்றன. விடிவதற்கு முன்னே புறப்பட்டு வருகிற ஒரு கிராமத்து அம்மாள், கூடையை இறக்கிவிட்டு உச்சி வெயில் வரைக்கும் தரையிலே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மலஜலத்துக்கு இடம் எங்கே? இந்த ஒரு கேள்வியை எந்தத் திட்டக்காரராவது கேட்டதுண்டா? நாம் பார்த்துப் பேசிய ஓர் அம்மாள், சந்தை நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றார். குடித்தால் எங்கே போவது என்றார். அப்படியே பழகி நீர்க்கடுப்பு வந்து வைத்தியருக்குக் கொடுத்த பணம் இரண்டு சந்தை லாபத்துக்கு மேலாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமில்லை, வருத்தமுமில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்லுவதுபோல் சொன்னார். நமக்குத்தான் அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

பேரூராட்சிகளில் சந்தைச் சுங்கத்தை வருஷா வருஷம் ஏலம் விடுவது வழக்கம். ஏலத்தில் எடுத்தவர் கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொள்ளுகிறார். வசூலிக்க ஆள் இருக்கிறது, ரசீதுப் புத்தகம் இருக்கிறது. கொடுத்த காசுக்குக் கூரை எங்கே, குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல மாத்திரம் ஆளில்லை. ஏலத்தொகை இவ்வளவு, அதில் சந்தைக்கே செலவிட்டது இவ்வளவு என்று சந்தை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன குடி முழுகிப் போகும்?

இதற்குச் சட்டமே இருக்கிறது. 2014இல் பார்லிமெண்டில் நிறைவேறிய தெருவியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் கமிட்டி ஒன்று இருக்கவேண்டும்; அதில் 100க்கு 40 பேருக்குக் குறையாமல் தெருவியாபாரிகளே தங்களுக்குள் ஓட்டுப் போட்டு வரவேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஸ்திரீகளாயிருக்க வேண்டும். அதாவது, இன்ன இடத்தில் கடை, இன்ன இடத்தில் வழி என்று தீர்மானிக்கிற மேஜையில் அந்தக் கூடைக்கார அம்மாளுக்கு நாற்காலி போடவேண்டும் என்பது சட்டம். நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று நமது வாசகர்களே போய்ப் பார்த்து எழுதட்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கையானது. 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் ஓமலூருக்கு 16,000 பேருக்குச் சற்று அதிகம். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. சந்தைக்கும், தாலுகாக் கச்சேரிக்கும், பஸ் மாறுவதற்கும் வந்து போகிறவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை. அன்றியும், இந்திய சர்க்காரின் 1999ஆம் வருஷத்துக் குடிநீர்க் கையேடு ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து வைத்தது: பாதாளச் சாக்கடை உள்ள ஊரானுக்கு 135 லிட்டர், இல்லாத ஊரானுக்கு 70 லிட்டர். சாக்கடை இல்லை, ஆகவே தண்ணீர் பாதி. தண்ணீர் பாதி, ஆகவே சாக்கடை ஓடாது! சின்ன ஊரில் பிறந்தவன் பாதி அழுக்கோடு இருந்துகொள்ள வேண்டும் என்பது எந்த சாஸ்திரம்?

சரபங்கா நதியைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் மழை பெய்தால் இரு கரையும் தளும்புகிறது. மற்றக் காலத்தில் அதில் ஓடுவது பெரும்பாலும் நாம் விட்ட சாக்கடைதான். மேட்டூர் அணையில் மிஞ்சும் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, இந்த வடிநிலத்து 100 வறண்ட ஏரிகளை நிரப்புவது என்று 565 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டு, 2021 பிப்ரவரியில் முதல் கட்டத்தைத் துவக்கினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஏரிக்கு நல்ல தண்ணீரைக் கோடிக் கணக்கில் ஏற்றிக்கொண்டே, அதே வாய்க்காலில் ஊர்ச் சாக்கடையையும் இலவசமாய்த் திருப்பி விடுவது, பாலைக் காய்ச்சிக் கழுவாத செம்பில் ஊற்றுவது போலாகும்.

சாக்கடை என்றதும் நமது ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளுகிறார்கள். அதில் இறங்குகிறவன் மூக்கை யார் பொத்துவது? கையால் மலம் அள்ளச் செய்வது குற்றம் என்று 1993இலும், பிறகு இன்னும் கண்டிப்பாக 2013இலும் சட்டம் வந்தது. கழிவுக் குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இலும், 30 லட்சம் கொடு என்று 2023இலும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இத்தனைக்குப் பிறகும் குழிக்குள் ஆள் சாவது நிற்கவில்லை; சாகிறவன் ஜாதியும் மாறவில்லை. ஆகவே ஓமலூருக்கு எந்தத் திட்டம் போட்டாலும் முதல் பக்கத்தில் எழுதவேண்டியது, குழியில் ஆள் இறங்காமல் உறிஞ்சும் வண்டிகளும், அந்த வண்டி கொண்டுபோய்க் கொட்டிச் சுத்தி செய்ய ஓர் இடமுந்தான். இது மூன்றாம் பக்கத்தில் வந்தால் அந்தத் திட்டம் மேல் ஜாதித் திட்டம் என்றே கொள்ளுவோம்.

1924இல் சென்னை சட்டசபையில் தோழர் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது ரஸ்தா, கிணறு, குளம், ஜனங்கள் கூடும் பொது இடங்கள் எல்லாவற்றிலும் எந்த வகுப்பாரும் தடையின்றிப் போகலாம் என்பது அது. நூறு வருஷமாகிவிட்டது. இப்போது யாரும் "வராதே" என்று பலகை வைப்பதில்லை என்பது வாஸ்தவமே. அதற்குப் பதிலாக, எந்தத் தெருவுக்கு முதலில் சிமெண்டு, எந்தத் தெருவுக்கு மூன்றாவது வருஷம், எந்தத் தெருவில் குழாய் கடைசியாக முடிகிறது என்பதிலே அந்தப் பலகையை வைத்துவிடுகிறார்கள். குழாயின் கடைசி முனையில் சொட்டுத்தான் வரும் என்பது இஞ்சினீயருக்குத் தெரியாததல்ல. கடைசி முனை எப்பொழுதும் ஏன் சேரியிலேயே இருக்கவேண்டும்? ஒரு தடவை சேரியிலிருந்து ஆரம்பித்து மற்ற வீதிகளில் முடிக்கட்டுமே. ஜலம் எந்த ஜாதிக்குப் பயந்து மேலேறும், கீழிறங்கும் என்று பார்த்துவிடலாம்.

வேலை துவக்குவதற்குப் பூஜை போடுவதிலோ குறைவே இல்லை. 2022 ஜூலையில் பக்கத்துத் தர்மபுரி ஜில்லாவில் ஓர் ஏரி வேலையின் துவக்கத்தில், அப்போது பார்லிமெண்டு மெம்பராயிருந்த டாக்டர் செந்தில்குமார், "சர்க்கார் காரியத்தில் ஒரு மதத்துப் பூஜை மாத்திரம் ஏன்? மற்ற மதத்தார் எங்கே, மதமில்லாதவர் எங்கே?" என்று கேட்டார். பூசணிக்காய் உடைக்கிற நேரத்தில் பாதி நேரம் சிமெண்டின் கலவையைச் சோதித்தால் ரஸ்தா இரண்டு மழையாவது தாங்கும்.

"இதெல்லாம் பாமர ஜனங்களுக்கு என்ன தெரியும்? நிபுணர்கள் செய்யவேண்டிய வேலை" என்று சிலர் சொல்லக்கூடும். நிபுணர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1914–15இல் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து யோசனை எழுதினார். நகர அமைப்பு வித்தையில் பேர் பெற்றவர். அவர் சொன்ன முதல் வேலை, சந்து சந்தாக நடந்து பார் என்பதுதான். நேர்க்கோடு போட்டு வீடுகளை இடிக்கிற இஞ்சினீயர்களை அவர் கண்டித்தார். எந்தத் திண்ணை இடிந்தால் யார் பிழைப்புப் போகும் என்பது நடந்தவனுக்குத்தான் தெரியும். அதே காலத்தையொட்டி, 1917–19 வாக்கில், சேலம் முனிசிபாலிட்டிக்கு ராஜகோபாலாச்சாரியாரும் ஈரோடு முனிசிபாலிட்டிக்குப் பெரியாரும் சேர்மன்களாயிருந்தார்கள். பிற்காலத்தில் அரசியலில் நேரெதிரே நின்ற இருவரும், முதலில் குழாயையும் சாக்கடையையும் பார்த்த பிறகுதான் பெரிய அரசியலுக்குப் போனார்கள். இப்போது நேரே பெரிய அரசியலுக்குப் போய்விடுகிறார்கள்.

இனி, கேட்பதற்கு ஜனங்களுக்கு இடம் எங்கே என்பதைப் பார்ப்போம். கிராமத்தானுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. பெயரளவில் நடந்தாலும், எழுந்து நின்று கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. ஊர் கொஞ்சம் வளர்ந்து பேரூராட்சியானால் அந்த இடமும் போய்விடுகிறது. 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, வார்டுக் கமிட்டி கட்டாயம் என்று 3 லட்சம் ஜனங்களும் அதற்கு மேலும் உள்ள ஊர்களுக்கே எழுதினார்கள். ஓமலூர்க்காரன் கிராமத்தானுமல்ல, பட்டணத்தானுமல்ல. திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குகிறான். (புராணத்தில் நம்பிக்கையில்லாத நமக்கும் சிற்சில சமயம் அதில் உவமைகள் கிடைக்கின்றன.) தமிழ்நாட்டு சர்க்கார் 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டுக் கமிட்டி, ஏரியா சபை என்று விதிகள் செய்து, அவ்வருஷம் நவம்பர் 1ஆந் தேதி முதல் கூட்டங்களை நடத்தினார்கள். நல்ல விதை. ஆனால் வாசகர்களைக் கேட்கிறோம்: உங்கள் வார்டில் அது எப்போது கூடிற்று? யாருக்கு நோட்டீஸ் வந்தது?

நகர, ஊரமைப்புச் சட்டம் 1971இல் ஏற்பட்டது. ஊருக்குத் திட்டம் தயாரித்தால் ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்டாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேட்கத்தான் கேட்கிறார்கள்: கெஜட்டில் ஒரு மூலையில், யாருக்கும் புரியாத நடையில், ஆபீசு நேரத்தில். நமது யோசனை மிகவும் சாதாரணமானது. ஓமலூருக்கு வரும் அடுத்த திட்டம் எதுவானாலும், அதன் வரைபடத்தைச் சுவரளவு பெரிதாகத் தமிழில் எழுதி, தொடர்ந்து நாலு சந்தை நாளும் சந்தைக்குள் மாட்டவேண்டும். பக்கத்தில் இஞ்சினீயர் ஒருவர் நின்று, "இதுதான் உன் தெரு, இங்கேதான் குழாய், இதுதான் சாக்கடை, இத்தனை ரூபாய்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லவேண்டும். ஆட்சேபணையை எழுதத் தெரியாதவர் சொன்னால், எழுதிக்கொண்டு கைந்நாட்டு வாங்க ஒரு குமாஸ்தா உட்காரவேண்டும். துப்புரவுத் தோழர்களையும் கூடைக்கார அம்மாக்களையும் முதல் நாளில் கூப்பிடவேண்டும். கடைசி நாளில் அல்ல. சுடுகாட்டுக்கு ஊரில் எத்தனை பாதை, எந்தெந்த ஜாதிக்கு எது என்பதையும் அந்தப் படத்தில் மறைக்காமல் காட்டட்டும். ஒரே பாதையாக்குவதற்கு எத்தனை ரூபாய் பிடிக்கும் என்று அதே இஞ்சினீயர் அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.