வெளிநாட்டில் உறவு இருப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் தப்பு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மத்திய அரசு வேலைக்குத் தேர்வான பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். "சார், அண்ணன் துபாயில் இருக்கிறான். அக்கா சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டாள். போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்கல் வருமா? எழுதாமல் விட்டுவிடட்டுமா?"

விடாதீர்கள். எழுதுங்கள்.

வேலையில் சேரும்முன் தரும் அட்டெஸ்டேஷன் படிவத்தில் அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள் ஆகியோரின் குடியுரிமை, பிறந்த ஊர், தொழில், முகவரி கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தாலோ வசித்தாலோ அதற்குத் தனி இடம் உண்டு. 21 வயதுக்குப் பிறகு நீங்களே ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ரகசியம் அதிகமுள்ள துறைகளில் கேள்விகள் கூடும். எங்குமே "வெளிநாட்டில் உறவு இருந்தால் வேலை இல்லை" என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் பொய் சொன்னாலோ மறைத்தாலோ தகுதியிழப்பு என்று படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை!

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: சரிபார்ப்புப் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். அது குற்ற வழக்கு விவரத்தை மறைத்தது பற்றிய வழக்கு. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொதுவானது.

வேலையில் சேர்ந்தபின்பும் இது தொடரும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணந்தால் மத்திய அரசு ஊழியர் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 21-ஆவது விதி அது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கே பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதே கேள்வி திரும்பி வருகிறது. அங்கே எஸ்.எஃப்.-86 படிவத்தில் கள்ளக்குறிச்சியில் இருக்கும் அப்பா அம்மாதான் 'வெளிநாட்டு உறவு'! உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்த நாட்டு அரசோடு அவருக்குத் தொடர்பு உண்டா, அங்கே உங்களுக்குச் சொத்து உண்டா, அவரை வைத்து உங்களை மிரட்ட முடியுமா என்று எடைபோடுகிறார்கள். பெற்றோர் இந்தியாவில் இருப்பதாலேயே கதவை மூடுவதில்லை. மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தருகிறார்கள்.

நாட்டின் ரகசியத்தைக் கையாளப் போகிறவரைப் பற்றி விசாரிப்பது நியாயம்தான். ஆனால் விசாரணை நின்றுபோனால் காரணம் சொல்லிப் பதில் கேட்கும் முறை நம் நாட்டிலும் எல்லாத் துறைகளிலும் வர வேண்டும் என்பது என் கருத்து. காரணம் தெரியாத காத்திருப்புதான் பிள்ளைகளை மறைக்கத் தூண்டுகிறது.

இதில் அதிகம் ஏமாறுவது கல்வராயன் மலைப் பிள்ளைகள். வெள்ளிமலைப் பக்கம் முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு இந்தப் படிவத்தை விளக்க வீட்டில் ஆளில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் காசு வாங்கி எழுதுபவர் "இதெல்லாம் வேண்டாம், 'இல்லை'ன்னு போடு" என்றால் அதுவே வேதவாக்கு. கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது. மாட்டினால் போவதும் பிள்ளையின் வேலைதான்.

ஆகவே வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். ஒரு நகலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்கும்போது பதில் மாறாது.

வாழ்த்துகளுடன்,
உங்கள் பழைய வாத்தியார்